ஒரு மாதிரியான ஆள்

ஜனவரி 22
இன்று நான் எழுதப் போவதை ஈரேழு உலகத்திலும் ஒருவர் நம்ப மாட்டார். சத்தியம். செல்லூர் டீக்கடையில் கோச்சடைக்காரர்கள் இருவர் என்னிடமே வந்து, "அண்ணே, இந்தத் தெருவுல வெள்ளைத்துரைன்னு ஒருத்தர் இருக்காராமே, எப்பிடி ஆளு?" என்றார்கள். என் அக்கா மகள் தமிழ்ச்செல்வியைக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார், தாய்மாமனைப் பற்றி விசாரிக்கிறார்கள். அந்த வெள்ளைத்துரை நான்தான் என்று தெரியாது.

சும்மா விடுவேனா? குரலைத் தாழ்த்தி, உள்ளங்கையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "அவன் ஒரு மாதிரி ஆளுண்ணே" என்றேன். பிறகு அவிழ்த்துவிட்டேன். ஊருக்கொரு குடும்பம். சீட்டாட்டத்தில் மாமனார் வீட்டுக் கூரையையே கழற்றிக் கொடுத்தவன். அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிய கையோடு கறிதோசை தின்றவன். "பொண்ணு மட்டும் தங்கம்ணே" என்று முடித்தேன். பூ வைக்கும் அன்று 'அந்த மகான் நான்தான்' என்று எழுந்து நின்றால் கோச்சடையே சிரிக்கும்!

ஜனவரி 25
சிரிக்கவில்லை.

அக்கா ஜெயக்கொடிக்குத் தகவல் வந்துவிட்டது. பெண்ணைப் பிடித்திருக்கிறதாம், மாமன் மட்டும் மேடை ஏறக் கூடாதாம். மாமன் மாலையை வேறு யாராவது போடட்டுமாம். அப்படியொரு கல்யாணமே வேண்டாம் என்று தமிழ்ச்செல்வி சாப்பிடாமல் கிடக்கிறாள்.

"உன்னப் பத்தி எவன்டா இப்பிடிச் சொன்னான்? அவன் நாக்கு அழுகிப்போகும்" என்றாள் அக்கா.

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ஜனவரி 26
திருடன் என்றால் சாட்சி கேட்கலாம். குடிகாரன் என்றால் வாயை ஊதிக் காட்டலாம். 'ஒரு மாதிரி' என்றால்? எந்த மாதிரி என்று ஒருவரும் கேட்பதில்லையே. எதிர்வீட்டில் தனியாக இருக்கும் ரெங்கம்மாளை நாங்களும் அப்படித்தான் சொல்லி வந்தோம். என்ன செஞ்சுச்சு அந்தப் பொம்பள? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் — ஒண்ணுமே இல்ல.

ஜனவரி 27
சோறு இறங்கவில்லை.

ஜனவரி 28
கோச்சடைக்குப் போனேன். டீக்கடையில் விசாரித்தவரே மாப்பிள்ளையின் அப்பா, விருமாண்டி. என்னைக் கண்டதும் நாற்காலி போட்டு டீ கொடுத்தார். "நீங்க நல்ல மனுசன்ணே. உள்ளதச் சொல்லிட்டீங்க."

"அந்த வெள்ளைத்துரை நான்தான்" என்றேன். நம்பவில்லை. ஆதார் அட்டையைக் காட்டினேன். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பாதி குடித்த கிளாஸை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிப்ரவரி 3
ஒரு தகவலும் இல்லை. ரெங்கம்மாளிடம் "நல்லாருக்கீங்களா" என்று கேட்டேன். நான் ஏதோ திட்டிவிட்டதுபோலப் பார்த்தார்.

மே 28
மாமன் மாலையை நான்தான் போட்டேன். முன்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் ரெங்கம்மாள்.

"தன்னப் பத்தி இம்புட்டு மட்டமாப் பேசுன ஆளு, புள்ளையப் பத்தி ஒரு சொல்லு தப்பாச் சொல்லலையே" என்று சொல்லித்தான் விருமாண்டி ஒத்துக்கொண்டாராம். தாலி ஏறியதும் என் காதோரம் குனிந்தார்.

"சம்பந்தி, அந்தக் காப்பு, கறிதோசை... அதும் பொய்தான?"

"பொய்தான் சம்பந்தி" என்றேன்.

கறிதோசை மட்டும் நிஜம்.