பெயர் எழுதத் தேவையில்லை

வெள்ளவத்தை,
14.02.1998

அன்புள்ள யோசெப்பின்,

அம்மாவின் முழங்கால் நோ எப்படி? லீவு நாளிலாவது நீ கொஞ்சம் படுக்கிறாயா, அல்லது வழமைபோல வீட்டுத் துணி முழுவதையும் தோய்க்கிறாயா? ஒரே பட்டினத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் தபாலில் விசாரிக்க வேண்டியிருக்கிறது. கொட்டாஞ்சேனைக்கு வருவதென்றால் இரண்டு இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டை காட்ட வேண்டும். நான் வாடகைக்கு இருக்கும் பத்மாவதி அக்கா வீட்டிலோ தொலைபேசி கூடத்தின் நடுவில் இருக்கிறது. நான் பேசத் தொடங்கினால் எல்லோரும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். பள்ளிக்கூடத்திலும் நான் துண்டு எழுதித்தானே உன்னோடு கதைத்தேன். எழுதினால்தான் எனக்குச் சொல் வரும்.

வேலை கிடைத்துவிட்டது. கொள்ளுப்பிட்டியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடி. ஆஸ்பத்திரிகளின் தரத்தை உயர்த்தும் பிரிவு. எட்டு ஆஸ்பத்திரிகளும் இரண்டு முதியோர் இல்லங்களும் எங்கள் பொறுப்பில் இருக்கின்றன. உன் ஆஸ்பத்திரியும் அதில் ஒன்று. தெமட்டகொடை ரயில்வே குவார்ட்டர்ஸ் முழுவதும் அப்பா சொல்லித் திரிந்தார். அதற்குப் பிறகுதான் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அது சரி புள்ள, ஆஸ்பத்திரியில குத்தம் கண்டுபிடிக்கவா ஒனக்குப் பட்டம் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

குற்றம் கண்டுபிடிப்பதல்ல என்று விளக்கினேன். ஒரு பிழை நடந்தால், யார் செய்தது என்று கேட்காமல் எப்படி நடந்தது என்று கேட்பதுதான் எங்கள் வேலை. வாட்டுக்கு ஒரு பெட்டி வைக்கிறோம். நடந்த பிழையை, நடக்கப் பார்த்த பிழையை, ஒரு படிவத்தில் எழுதிப் போடலாம். படிவத்தின் தலைப்பிலேயே இருக்கிறது: பெயர் எழுதத் தேவையில்லை.

படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் இருந்தது. போன கிழமைக் கூட்டத்தில் நான் வாய் திறந்து, தமிழிலும் வேண்டும் என்றேன். எட்டுப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் பணிப்பாளர் அம்மா உடனே சம்மதித்துவிட்டா. மொழிபெயர்த்ததும் நான்தான். உன் வாட்டில் அதைப் பார்த்தால் என்னை நினைத்துக்கொள்.

என்றும் உன்,
இராமலெட்சுமி

*

கொட்டாஞ்சேனை,
01.03.1998

மேன்மைதங்கிய தர அதிகாரி அவர்களுக்கு,

தங்கள் பெட்டியை எங்கள் வாட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டியாயிற்று. முதல் நாளே யாரோ இனிப்புச் சுற்றிய ரொபித் தாளை அதற்குள் போட்டார்கள். "பாவம், அதுவும் ஒரு முறைப்பாடுதான்" என்று வாட்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் சிரித்தா.

அம்மா நடக்கிறா. நான் துணி தோய்க்கிறேன். உனக்கு எல்லாம் தெரியும்.

நீ வேலைக்குப் போனது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கூட்டத்தில் நீ வாய் திறந்தாய் என்பதை மட்டும் நான் நம்பவில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பிள்ளையோ? பள்ளிக்கூடப் பூசைக்குப் பிறகு 'சுகமோ' எண்டு கேட்டாலே நிலத்தைப் பாக்குமே!" என்றா.

வாட்டில் நாங்கள் தாதிமார் ஏழு பேர். தமிழ் நான் ஒருத்திதான். தமிழ் கதைக்காதே என்று எனக்கு ஒருவரும் சொன்னதில்லை. ஆனால் பட்டினத்தில் குண்டு வெடித்த நாளில் இருந்து, நான் ஒரு நோயாளியோடு தமிழில் ஒரு வார்த்தை பேசினால், மற்றக் கட்டில்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிடுகின்றன. அந்த அமைதிக்குப் பயந்து நான் இப்போது எல்லோரிடமும் சிங்களத்திலேயே கேட்கிறேன். வேலையும் கெதியாக முடிகிறது.

ஒன்று கேட்கிறேன், இது விளையாட்டில்லை. போன வருடம் எங்களில் ஒருத்தி மருந்து மாறியதை உள்ளபடி சொன்னாள். அவளைக் கண்காணாத இடத்துக்கு மாற்றினார்கள். உன் பெட்டியின் பூட்டுத் திறப்பு யாரிடம் இருக்கிறது? பெயர் எழுதாவிட்டால் உண்மையிலேயே பெயர் வராதா?

அன்புடன்,
யோசெப்பின்

*

வெள்ளவத்தை,
09.03.1998

அன்புள்ள யோசெப்பின்,

திறப்பு என்னிடம். என் கைப்பையில், அடையாள அட்டையோடு இருக்கிறது. படிவங்களை எடுப்பது, வாசிப்பது, எண்ணுவது எல்லாம் நான் ஒருத்திதான். கையெழுத்துக் கூட வெளியே போகாது. தட்டச்சு செய்த பிறகுதான் மற்றவர்கள் காண்பார்கள். ஒருவரையும் தண்டிக்க அதைப் பாவிக்கக் கூடாது என்பது எங்கள் முதல் விதி.

வேறு யாரும் கேட்டால் விதியைக் காட்டியிருப்பேன். உனக்கு என் வாக்கைத் தருகிறேன். பெயர் வராது.

உன்,
இராமலெட்சுமி

*

கொட்டாஞ்சேனை,
21.04.1998

லெட்சுமி,

வெள்ளிக்கிழமை காலை என் கையால் ஒருவர் செத்துப்போனார்.

பெயர் நமசிவாயம். ஐம்பத்தெட்டு வயது. மகனின் பாஸ்போர்ட் விஷயமாக வவுனியாவில் இருந்து வந்து, இங்கே எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு லொட்ஜில் மனைவியோடு தங்கியிருந்தவர். காலில் காயம் பழுத்துக் காய்ச்சல். கொழும்பில் தங்கும் பதிவைப் புதுப்பிக்க அன்றுதான் கடைசி நாள் என்று, மனைவி அவரைக் கட்டிலில் விட்டுவிட்டுப் பொலிசுக்குப் போய்விட்டா.

பெனிசிலின் ஊசி எழுதியிருந்தது. போடுவதற்கு முன் கேட்க வேண்டியதை நான் கேட்டேன். கேட்காமல் விடவில்லை. அட்டையில் பெயரைக் கண்டேன், நெற்றியில் திருநீற்றைக் கண்டேன். அப்படியிருந்தும் சிங்களத்தில்தான் கேட்டேன். காலையில் இரண்டு பொலிஸ்காரர் வாட்டுக்குள் வந்து அட்டைகள் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு முதியவர், இராணுவத்தில் இருக்கும் மகனின் படத்தைத் தலையணையோரம் வைத்திருப்பவர். அவர் எனக்கு ஒரு தீங்கும் நினைத்ததில்லை. ஆனாலும் கேட்கவில்லை, தமிழில்.

இந்த ஊசி முன்பு ஒத்துவராமல் போனதா என்றேன். "நே" என்றார். வேறு மருந்து ஏதும் ஒத்துவராதா? "நே, நே, மிஸ்." எல்லாவற்றுக்கும் இல்லை என்றுதான் சொன்னார். எழுதினேன். போட்டேன். கால் மணித்தியாலத்துக்குள் மூச்சு அடைத்தது. டொக்டர் ஓடி வந்து செய்யக்கூடியதெல்லாம் செய்தார். கடைசியில் காயத்தின் நஞ்சு இரத்தத்தில் ஏறியதால் என்று எழுதினார், ஊசி போட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மனைவி பத்து மணிக்கு வந்தா. "ஐயோ, அவருக்கு அந்த ஊசி ஒத்துவராதெண்டு எங்கட ஊர் முழுக்கத் தெரியுமே! அவரிட்ட ஒருத்தரும் கேக்கேல்லையோ?" என்று குழறினா. நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். தமிழ் விளங்காதவள் போல நின்றேன், லெட்சுமி.

எல்லாவற்றையும், நான் தமிழ் என்பதை மட்டும் விட்டு, 'ஒரு தாதி' என்று உன் படிவத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். தமிழில். வேறு மொழியில் எழுத எனக்கு வரவில்லை.

யோசெப்பின்

*

வெள்ளவத்தை,
27.04.1998

என் அன்பு யோசெப்பின்,

வாசித்தேன். கழுவும் அறைக்குள் போய் இருந்துவிட்டு வந்து மறுபடியும் வாசித்தேன்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். வெள்ளை உடுப்போ காக்கி உடுப்போ, சிங்களத்தில் கேள்வி வந்தால் நாங்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறோம். போன கிழமை பம்பலப்பிட்டிச் சாவடியில் ஒரு பொலிஸ் பெண் என்னிடம் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். பாவம், நல்ல வெயில். நான் "நே" என்றேன். போத்தல் என் பைக்குள் இருந்தது. பஸ் புறப்பட்ட பிறகுதான் அவள் கேட்டது என்னவென்றே எனக்கு உறைத்தது.

இது உன் ஒருத்தியின் பிழையல்ல. இப்படி எத்தனை வாட்டுகளில் எத்தனை பேர் "நே" என்று சொல்லியிருப்பார்கள்? கேள்விகளை மூன்று மொழியிலும் அச்சடித்து, அட்டையாகக் கட்டிலுக்குக் கட்டில் தொங்கவிட வேண்டும். நோயாளி விரலால் தொட்டுக் காட்டினால் போதும், ஒருவரும் சத்தமாகப் பேசத் தேவையில்லை. இதைக் கூட்டத்தில் வைக்கப் போகிறேன். நீ எழுதியதைப்போல ஒரு படிவம் இந்தப் பெட்டிகளுக்கு வந்ததேயில்லை.

முழுவதையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துவிட்டேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் பழக்கியபடி தலைப்பில் 'தமிழ் மூலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டது' என்று போட்டு, வாட்டு இலக்கத்தை மட்டும் குறித்து, கூட்டத்துக்கும் உன் ஆஸ்பத்திரிக்குமாக ஒன்பது பிரதி எடுத்தேன். உன் பெயர் எங்கும் இல்லை. சாப்பிடு. தூங்கு.

உன்,
இராமலெட்சுமி

*

கொட்டாஞ்சேனை,
13.05.1998

லெட்சுமி,

நேற்று மேட்ரன் கூப்பிட்டா. மேசையில் உன் தாள் இருந்தது. தலைப்பில் இருந்த 'தமிழ் மூலத்திலிருந்து' என்ற வரியைச் சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள். "யார் என்று ஒருவரும் உன்னைக் காட்டிக் கொடுக்கவில்லை, மகள். அந்த வாட்டில் தமிழில் எழுதக் கூடியவள் நீ ஒருத்திதானே" என்றா. சத்தியமாக அவ இரக்கத்தோடுதான் சொன்னா.

வேலையில் இருந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஜூன் இரண்டாம் திகதி மூன்று பேர் முன்னால் விசாரணை. நான் நினைத்திருந்த கேள்வி ஒன்றையும் அவர்கள் கேட்கப் போவதில்லையாம். ஒரே கேள்விதான்: நீயும் தமிழ், அவரும் தமிழ், ஏன் தமிழில் கேட்கவில்லை? இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. அந்த மேசைக்கு முன்னால், அந்த மூன்று பேரின் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு லீவு என்று சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் சம்பளம் என்பது நான் மட்டும்தான் என்று உனக்குத் தெரியும்.

நீ வந்து ஒன்று சொன்னால் போதும். அந்தப் படிவத்தை யாரையும் தண்டிக்கப் பாவிக்க மாட்டோம் என்று உங்கள் பிரிவு வாக்குக் கொடுத்தது என்று. அது உண்மைதானே?

யோசெப்பின்

*

வெள்ளவத்தை,
18.05.1998

யோசெப்பின்,

அந்த வரியை நான் ஒழுங்குக்காகப் போட்டேன். ஏழு பேரில் நீ ஒருத்திதான் என்று நீயே எனக்கு எழுதியிருந்தாய். உன் கடிதம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. மன்னிப்புக் கேட்கவும் வெட்கமாக இருக்கிறது.

பணிப்பாளர் அம்மாவிடம் போனேன். "நாங்கள் அறிக்கை கொடுக்கிறவர்கள், பிள்ளை. அவர்கள் அதை வைத்து என்ன செய்வது என்பது அவர்கள் விஷயம். இதற்குள் போனால் எட்டு ஆஸ்பத்திரியும் பெட்டியைக் கழற்றிவிடும்" என்றா. அவ கெட்டவ இல்லை. தான் கட்டியது விழுந்துவிடும் என்று பயப்படுகிறா.

ஆனாலும் நான் வருவேன். சொல்ல வேண்டியதைச் சிங்களத்தில் எழுதிப் பாடமாக்குகிறேன். ஆறு வசனம்தான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன். நேற்றுப் பத்மாவதி அக்கா கதவைத் தட்டி, "லெட்சுமி, உள்ளுக்கு ஆரோட சண்டை பிடிக்கிறீர்?" என்று கேட்டா.

கட்டாயம் வருவேன்.

இராமலெட்சுமி

*

வெள்ளவத்தை,
05.06.1998

யோசெப்பின்,

நீ கண்ணால் கண்டதைத்தான் எழுதுகிறேன். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும்.

நான் வந்தேன். கதவோரக் கதிரையில், அறிக்கைக்காகக் கூப்பிட்டிருந்த பணிப்பாளர் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆறு வசனமும் என் சட்டைப்பையில் இருந்தன. தலைவர் என்னைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். "குறிப்பெழுத வந்த பிள்ளை" என்றா பணிப்பாளர் அம்மா. ஒரு கொப்பியையும் பென்சிலையும் என் மடியில் வைத்தா. அப்போது நான் எழும்பியிருக்க வேண்டும். எழும்பாமல் கொப்பியைத் திறந்தேன். பென்சில் கையில் இருந்தால் எழுதத்தான் எனக்குத் தெரியும்.

அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்டார்கள். நீ அவர்களைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து, 'தாதி பதில் கூறவில்லை' என்று எழுதினேன்.

நீ திட்டி ஒரு வரி எழுதினாலும் போதும்.

இராமலெட்சுமி

*

வெள்ளவத்தை,
01.07.1998

அன்புள்ள யோசெப்பின்,

பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கும் உரிமையும் எனக்கில்லை.

கட்டில் அட்டைகள் அச்சாகி வந்துவிட்டன. எட்டு ஆஸ்பத்திரிக்கும் போகின்றன. உன்னால் வந்தவை என்று எங்கும் போடவில்லை, போடவும் முடியாது. எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். நான் நிலத்தைப் பார்க்கிறேன், அடக்கம் என்கிறார்கள். ஜூன் மாதம் முழுவதும் எந்த வாட்டிலும் ஒரு படிவம்கூட விழவில்லை. பிழைகள் குறைந்துவிட்டன என்று பணிப்பாளர் அம்மா அறிக்கையில் எழுதச் சொன்னா. எழுதமாட்டேன் என்று சொன்னேன். அவவே எழுதிக்கொண்டா.

உன் அம்மாவுக்கு என் அன்பு.

இராமலெட்சுமி

*

கொட்டாஞ்சேனை,
12.07.1998

இராமலெட்சுமி,

வேலை போய்விட்டது. கடிதம் ஒன்பதாம் திகதி வந்தது. கன்னியாஸ்திரிகளின் முதியோர் இல்லம் ஒன்றில் திங்கட்கிழமை தொடங்குகிறேன். சம்பளம் பாதிதான். இருக்கட்டும்.

விசாரணைக் குறிப்பின் பிரதி ஒன்றை எனக்கும் அனுப்பினார்கள். பிழையே இல்லாமல் எழுதியிருக்கிறாய்.

அந்தப் பதிலை நான் வேறு இடத்தில் போய்ச் சொன்னேன். நமசிவாயத்தின் மனைவி றஞ்சிதம் இன்னும் அதே லொட்ஜில்தான் இருக்கிறா. மகனின் பாஸ்போர்ட் முடியவில்லை. கட்டிலில் இருந்தபடி சுளகில் உளுந்து துப்பரவு செய்துகொண்டிருந்தா. நான் வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான்தான் கேட்டேன், நான்தான் போட்டேன், தமிழில் கேட்கப் பயந்தேன் என்று. அவ சுளகைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"நீங்கள் தமிழோ பிள்ளை?"

"ஓம், அம்மா."

"அண்டைக்கு நான் குழறேக்க பக்கத்தில நிண்டது நீங்களெல்லோ?"

"ஓம்."

"அப்ப ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. அந்த இடத்தில ஒருத்தருக்கும் நான் சொல்லுறது விளங்கேல்லை எண்டெல்லோ நான் நினைச்சனான்."

திட்டவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. உளுந்தை எடுத்து மறுபடியும் துப்பரவு செய்யத் தொடங்கினா. திரும்பி வரும்போது உன்னைத்தான் நினைத்தேன். அவவுக்கு நான் செய்ததைத்தான் நீ எனக்குச் செய்தாய். அதனால் உன்மேல் பெரிதாகக் கோபப்படவும் எனக்கு முடியவில்லை.

ஆனால் இனி எனக்கு எழுதாதே. உனக்கு எழுத உட்கார்ந்தால் நான் உள்ளதையெல்லாம் எழுதிவிடுவேன், வேறு மாதிரி எழுதத் தெரியாது. நீ அதைக் கவனமாக வாசிப்பாய், அழுவாய், பத்திரமாக வைத்திருப்பாய். அதற்கு மேல் உன்னால் முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும்.

அம்மா உன்னைக் கேட்கிறா. நீ வேலை மாறித் தூரத்துக்குப் போய்விட்டாய் என்று சொல்லியிருக்கிறேன்.

யோசெப்பின்