முன்பக்கம் மட்டும் புது மாடல்

பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

"புது மாடல் மச்சான், வெண்ணெய் மாதிரி போகுது!" என்று உன் தம்பி, தான் வாங்கிய காரைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறான். யார் காதில் பூ சுற்றுகிறான்? பழைய காருக்குப் புது மாடல் பம்பரும் விளக்கும் மாட்டுவதுதான் இந்த வெளிநாட்டுப் பட்டறையில் என் வேலையே! பின்கதவுக் கைப்பிடியைப் பார்த்தாலே தெரிகிறது, அது இரண்டு தலைமுறை பழசு. அதில் ஏர்பேக்கே கிடையாது. விற்றவன் தலையிலேயே கட்டிவிட்டு வரச் சொல். அதுவரை பாப்பாவை அதில் ஏற்றாதே.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கித் திட்டினேன். பின்சீட்டில் யாரோ வளர்ந்த பெண் என்று தாண்டிப் போய்விட்டேன். பிறகுதான் உறைத்தது, நம் பாப்பா.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. கார் இல்லாமல் அவளை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்பு.