ஆரோக்கியமான கழுத்து ஒன்று தேவை

மார்ச் 4

ஸ்கேன்காரருக்கு,

நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை. ஆரோக்கியமான கழுத்தின் ஸ்கேன் ஒன்று வேண்டும் என்று கேட்டால், இதையா அனுப்புவீர்கள்? அதை வைத்து, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சிலிக்கோன் ரப்பரில் வார்த்தோம். சிவப்புச் சாயம் கலந்த கிளிசரின் தண்ணீரைப் பம்பு வைத்து ஓடவிட்டோம். இடது குழாயில், தாடைக்குக் கீழே, பீய்ச்சி அடிக்கிறது! அந்த இடம் பாதிக்கும் மேல் சுருங்கிக் கிடக்கிறது. அதைத் தாண்டியதும் தண்ணீர் ஓரமாக ஒதுங்கி, போக வழி தெரியாமல் சுழல்கிறது.

என் மாணவிகள் வாயைப் பிளந்துவிட்டார்கள். “இந்த ஆளு எப்படி மேடம் நடமாடறாரு?” என்றாள் ஒருத்தி. “எழுந்து உட்கார்றதே அதிசயம்டி” என்று நானும் சிரித்தேன்.

அகலம் பாதியானால் ஓட்டமும் பாதியாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதே அழுத்தத்தில் அது பதினாறில் ஒரு பங்காகிவிடும். யாராக இருந்தாலும் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள்.

பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உங்களிடம் காட்ட வேண்டுமாம்.

குழாய்க்காரி

மார்ச் 6

குழாய்க்காரிக்கு,

சிரித்தது போதும். அது என் கழுத்து.

அன்று வேறு ஆள் கிடைக்கவில்லை. மெஷினைச் சரிபார்க்க நாங்களே படுத்துக்கொள்வது வழக்கம்தானே, அப்படித்தான் படுத்தேன். படம் தெளிவாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். என் கழுத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று அனுப்பிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். ஐயோ, இருக்கிறதடி!

ஆனால் எனக்கு ஒரு தலைச்சுற்றல்கூட இல்லை. மூன்று மாடி ஏறி இறங்குகிறேன். கிளிசரின் தண்ணீருக்கு என் ரத்தத்தைப் பற்றி என்ன தெரியும்? இங்கே ஆள் பற்றாக்குறை. மாத முடிவில் டாக்டரைப் பார்க்கிறேன்.

நீ வீட்டை விட்டுப் போனதிலிருந்து, சாப்பிட்டீர்களா என்றுகூட ஒரு வரி எழுதவில்லை. இதைப் படித்ததும் நீ பதறுவாய். அதை நினைத்தால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

ஸ்கேன்காரன்

மார்ச் 7

என்னங்க,

போனை ஏன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்? எனக்குத் தலையில் இடி விழுந்தது போல இருக்கிறது. உங்கள் கழுத்தை வைத்துக்கொண்டா சிரித்தேன், பாவி நான்!

தலை சுற்றாததற்குக் காரணம் உங்கள் வலது குழாய். இடது பக்கத்தின் வேலையையும் அதுதான் சேர்த்துப் பார்க்கிறது. அதை நம்பி மாடி ஏறாதீர்கள். ஓட்டம் குறைந்ததைவிட, ரத்தம் சுழல்கிற அந்த இடம்தான் எனக்குப் பயம். அங்கே தேங்கினால் உறையும். கடுகளவு கட்டி பிய்த்துக்கொண்டு மேலே மூளைக்குப் போனால் போதும்.

மாத முடிவு, கீத முடிவு என்று சொன்னால் நானே வந்து சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். நாளைக்கே போங்கள். சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எனக்கு நீங்கள் உயிரோடு வேண்டும்.

இதை லேப் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள்
குழாய்க்காரி

மார்ச் 9

என்னங்க,

கடிதத்தைப் படித்துவிட்டு, டிரைவரிடம் “சரின்னு சொல்லுங்க” என்றீர்களாம். என்ன சரி? டாக்டரைப் பார்த்தது சரியா, பார்க்கப் போவது சரியா? ஒரு வார்த்தை எழுதக் கை வராதா உங்களுக்கு? எனக்குச் சோறு இறங்கவில்லை.

குழாய்க்காரி

மார்ச் 13

உனக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணல் மாணலாக இருக்கும்.

பத்தாம் தேதி டாக்டரைப் பார்க்கப் பெயர் கொடுத்திருந்தேன். சத்தியமாக. அன்று காலை, மெஷின் பக்கத்திலேயே விழுந்துவிட்டேன். கட்டி மூளைக்குப் போய்விட்டதாம். நீ சொன்ன மாதிரியே.

உனக்குச் சொல்லக் கிளம்பினார்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இந்தக் கோலத்தில் நீ என்னைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வீம்பு. நர்ஸ் திட்டிவிட்டுப் பேனாவைக் கொடுத்தாள்.

உயிர் இருக்கிறது. குழாயை நாளை மறுநாள் சுத்தம் செய்கிறார்கள். வலது கை அசையவில்லை. வாய் குழறுகிறது. தண்ணீர் கேட்டால் யாருக்கும் புரியவில்லை. பயமாக இருக்கிறது.

பாப்பாவை இப்போது கூட்டி வராதே. நீ வா. வந்து என்னைத் திட்டு, எவ்வளவு வேண்டுமானாலும். இந்த முறை குறுக்கே பேச மாட்டேன்.