கல்வெட்டின் உச்சியில் ஒரு பெயர்

அண்ணை,

இன்று காலை உங்கள் பெட்டகத்தைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாடை முகத்தில் அடித்தது. அடுத்த கிழமை உங்களுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. வருகிறவர்களுக்குக் கொடுக்க உங்கள் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சிட வேண்டும், அதற்கான வம்சாவளியை அப்பா எழுதி வைத்திருப்பார் என்று உங்கள் மகன் சொன்னதால்தான் திறந்தேன்.

வம்சாவளி இருந்தது. காணி உறுதி எழுதும் நொத்தாரிசு அல்லவா, எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதன் அடியில் நாலாக மடித்த இன்னொரு தாளும் இருந்தது.

செத்தவீட்டில் நான் அழவில்லை என்று ஊர் கதைத்தது. கதைக்கட்டும்.

இருபது வருடத்துக்கு முன் நாங்கள் இருவருமே முன்னோரைத் தேடினோம். நீங்கள் காணி உறுதிகளைப் புரட்டினீர்கள். அரசாங்கக் கச்சேரிக்குப் போய் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவான தோம்பைப் பார்த்தீர்கள். நான் கலியாண வீடுகளில் வயதான பெண்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டேன். எங்கள் கிணற்றடிக் காணிக்கு முந்திப் பிலிப்பன் வளவு என்று பெயர் என்றார் செல்லம்மா மாமி.

"ஆர் மாமி பிலிப்பன்?"

"உங்கடை பரம்பரை ஆள்தான் பிள்ளை. வேறை ஆர்?"

உங்களிடம் வந்து சொன்னேன். பேனையைக் கீழே வைக்காமலே சிரித்தீர்கள். "உது பொம்பிளையளின்ரை கதை. எழுத்திலை இருந்தாக் கொண்டு வா."

அந்த வருடம்தான் கரவெட்டியிலிருந்து தமிழ் வாத்தியார் ஒருவருக்கு என்னைக் கேட்டு வந்தார்கள். அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. உங்களுக்கும் அது தெரியும். வந்தவர்களுக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்க நீங்கள் விடவில்லை. "எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் வேதத்துக்குப் போகேல்லை. எழுத்து வைச்சிருக்கிறன்" என்றீர்கள். அவருக்கு வேறிடத்தில் கலியாணமானது. எனக்கு ஆகவில்லை.

எழுத்தில் இருந்திருக்கிறது, அண்ணை. நாலாக மடித்த அந்தத் தாளில், தோம்பைப் பார்த்து நீங்களே படியெடுத்திருக்கிறீர்கள். காணிக்காரர் தொன் பிலிப்பு, அவர் மகன் வேலாயுதர். உங்கள் வம்சாவளியோ வேலாயுதரில்தான் தொடங்குகிறது.

அந்தக் காலத்தில் ஞானஸ்நானம் பெறாதவனுக்கு உத்தியோகமும் இல்லை, கலியாணப் பதிவும் இல்லை. வீட்டில் திருநீறு பூசிக்கொண்டு பாதிரியாரிடம் பெயர் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாளின் அடியில் நீங்கள் போட்டிருக்கும் திகதியைத்தான் பொறுக்க முடியவில்லை. நீங்கள் படியெடுத்தது அதே வருடம் ஆவணியில். வாத்தியார் வீட்டார் வந்தது ஐப்பசியில். தெரிந்துகொண்டுதான் சொல்லியிருக்கிறீர்கள். பொய் உறுதி எழுதுகிறவனைக் கண்டால் காறித் துப்புவீர்களே, வீட்டுக்குள் நீங்கள் செய்தது என்ன?

வம்சாவளியில் வேலாயுதருக்கு மேலே பிலிப்பை எழுதி உங்கள் மகனிடம் கொடுத்தேன்.

"மாமி, உச்சியிலை உது ஆர்? அப்பா எழுதேல்லையே?"

"அப்பா எழுதினதுதான் ராசா" என்று மடித்த தாளை நீட்டினேன். நெடுநேரம் வாசித்தான். திகதியையும் வாசித்தான். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லூர் அச்சுக்கூடத்துக்குப் போனான்.

அந்தியேட்டிக்கு வருகிற சனம் முழுவதும் உங்கள் வம்சத்தைப் பிலிப்பிலிருந்து வாசிக்கும். எனக்கு அது சந்தோசம்தான். ஆனால் உங்கள் தாளில் எங்கள் பெண்கள் எல்லோருக்கும் பக்கத்தில் கணவர் பெயர் இருக்கிறது. என் பெயருக்குப் பக்கத்தில் கோடு மட்டும் இழுத்திருக்கிறீர்கள். அதை நான் திருத்தவில்லை. உங்கள் கை வேலை, அப்படியே அச்சாகட்டும்.