வழி கேட்காத தபால்காரன்

என் அருமை மகளே,

இந்தக் கடலோர ஊரில் நானும் உன் பெரியம்மாவும் சுகம். என் முழங்கால்கள் இரண்டு மட்டும் நேற்று முதல் என்னோடு பேசுவதில்லை. நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். நேரில் பார்க்கும்போது திருகுவதற்கு உன் காதுகள் எனக்கு முழுசாக வேண்டும். தம்பி பெற்றவளை ஆறு வயதிலிருந்து தோளில் சுமந்து வளர்த்தேனே, அந்தப் பாவத்துக்குத்தான் எங்கள் கல்யாண நாள் பரிசு என்று பழைய நகரத்தில் மூன்று நாள் அறை பிடித்துக் கொடுத்தாயா?

அறையின் பெருமையைச் சொல்கிறேன். ஜன்னலில் கடல் தெரியும் என்று போட்டிருந்தார்களாமே, தெரிகிறது. நாற்காலி மேல் ஏறிக் கழுத்தை வெளியே நீட்டினால், எதிர்வீட்டுக்காரர் துணி உலர்த்தாத நாளில். படிக்கட்டைக் கட்டியவன் பல்லிகளை மனதில் வைத்துக் கட்டியிருக்கிறான். விடுதிக்கார அம்மா வந்ததும் வராததுமாக ஒரு வரைபடத்தை நீட்டி, இதை வச்சுக்குங்க சார், இல்லேன்னா தொலைஞ்சு போயிடுவீங்க என்றாள். யாரைப் பார்த்து! முப்பத்திரண்டு வருடம் தபால் கொடுத்தவன் நான். எண் இல்லாத கதவுக்கும் கடிதம் சேர்த்தவன், கதவே இல்லாத வீட்டுக்கும் சேர்த்தவன். வழி கேட்கிற தபால்காரன் பையைக் கழற்றிக் கடலில் போட வேண்டும் என்று பிரகடனம் செய்துவிட்டு, வரைபடத்தை நாலாக மடித்து ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்தேன்.

இங்கே ஒவ்வொரு கதவிலும் வெள்ளையில் பழைய எண், நீலத்தில் புதிய எண், இரண்டுக்கும் ஜென்மப் பகை. முதல் நாள் ஒரே பூட்டு ரிப்பேர் கடையை ஐந்து முறை கடந்தோம். மூன்றாம் முறை கடைக்காரர் வணக்கம் சொன்னார், ஐந்தாம் முறை நாற்காலி எடுத்துப் போட்டார். இது வேற கடை என்று நான் சாதித்தேன். இரண்டாம் நாள் பெரியம்மா வாயே திறக்கவில்லை, ஒவ்வொரு முனையிலும் இந்தப் பக்கம் வெயிலுங்க என்பதைத் தவிர. நானும் பெருந்தன்மையாக மறுபக்கம் திரும்புவேன். வானம் மூடிக்கொண்ட பிறகும் அவளுக்கு மட்டும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். கடைசியில் ஒரு பச்சைக் கதவு முன்னால் நின்று, தாகமா இருக்கு, தட்டி ஒரு வாய் தண்ணி கேளுங்க என்றாள். தட்டினேன். திறந்தது அவள் தங்கை. பின்னால் மூக்குக் கண்ணாடியும் முறைப்புமாக என் சகலை.

பழைய கதையைப் பெரியம்மா சொல்லிக் கேட்டிருப்பாய், என் வாயாலும் கேள். பதினோரு வருடத்துக்கு முன்னால் சகலை இந்த வீட்டை வாங்கிய புதிதில் இருபது பேருக்கு விருந்து வைத்துப் பாடினார். அன்றைக்குக் கதவு பச்சையும் இல்லை, நீல எண்ணும் இல்லை, அதனால்தான் நேற்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பாதியில் எழுந்து, இந்தப் பாட்டுக்குக் கடல் ரெண்டடி பின்னால போயிடுச்சு, வேணும்னா போய்ப் பாருங்க என்றேன். அறையே சிரித்தது. அதோடு இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது. மனுஷனுக்கு ரோஷம் அதிகம் என்று இத்தனை வருடம் சொல்லித் திரிந்தேன். அன்றைக்குப் பிறகு அவர் ஒரு ஆள் முன்னால்கூடப் பாடவில்லை என்பது நேற்று அவள் தங்கை சொல்லித்தான் தெரியும். இன்னொன்றும் தெரிந்தது. பெரியம்மா தங்கைக்கு எழுதிய கடிதங்களெல்லாம் என் கண்ணில் படாமல் அடுத்த தெருப் பெட்டியில் விழுந்திருக்கின்றன, பதில்களெல்லாம் உன் விலாசத்துக்கு வந்திருக்கின்றன. தபால்காரன் வீட்டிலேயே கள்ளத் தபால்! நீ அனுப்பியது பரிசு இல்லை மகளே, சம்மன்.

வாசலிலேயே தீர்ப்பும் வந்தது. அக்கா, நீ உள்ள வா. அத்தான் வர்றதா இருந்தா நாளைக்கு அஞ்சு மணிக்கு வரட்டும், இவர் பாடுவார், முன்னால உக்காந்து முழுசாக் கேக்கணும், வாயத் திறக்கப்படாது என்றாள். பெரியம்மா உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அறைக்குத் திரும்பும்போது பூட்டுக் கடைக்காரரிடம் வழி கேட்டேன். ஆமாம், கேட்டேன். இதை வெளியில் சொன்னால் நீ என் மகளே இல்லை.

இப்போது மணி நாலரை. இரண்டு பேருக்கு வந்த காலைச் சாப்பாட்டை ஒருவனாகத் தின்ற வயிற்றோடு எழுதுகிறேன். மாப்பிள்ளை குளிக்கும்போது பாடுவார் என்றாயே, சிரிக்காதே. அடக்க முடியாவிட்டால் தலையணையைக் கடித்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீயும் அவரும் சண்டை போட்டாலும் அன்றைக்கே பேசித் தீர்க்கிற யோகத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்குப் போன் செய், தங்கை வீட்டு எண்தான் உன்னிடம் இருக்குமே. இன்று தனியாக வழி தவற எனக்குத் தைரியம் இல்லை, வரைபடத்தை உருவி எடுத்துக்கொண்டேன். காதில் வைக்கவென்று காலையில் ஒரு கட்டுப் பஞ்சு வாங்கியிருந்தேன். அதை மேசைக் காலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

ஆசிகளுடன்,
முன்வரிசையில் உட்காரப் போகும்
உன் பெரியப்பா