சாகாத மாமியார்

அன்புள்ள அக்காவுக்கு,

மதியத் தொடரிலிருந்து என்னை நீக்கிவிட்டார்கள் என்று அங்கே பேசிக்கொள்வது தவறு. நான் நடிக்கும் மாமியார்தான் கோமாவில் இருக்கிறாள், நான் நலம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

முதலில் அவளைச் சாகடிக்கத்தான் நினைத்தார்கள். "மருமகளோட அப்பா யாருங்கிற ரகசியம் இவளுக்கு மட்டும்தானே தெரியும்? இவ போயிட்டா யார் சொல்வா?" என்று கேட்டேன்.

கதாசிரியர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஐயோ, அதை நாங்களே மறந்துட்டோம்மா! நீங்க சாக வேணாம், சும்மா படுத்துக்கோங்க."

மருமகள் என் மேல் விழுந்து அழுகிறாள். என் இமைகூட அசைவதில்லை. கான்வென்ட் பிரார்த்தனையில் அசையாமல் நின்ற பழக்கம். "இவங்களைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று இயக்குநரே எல்லோரிடமும் சொன்னார்.

படப்பிடிப்புக்காகத் தங்கியிருக்கும் அறையில் தலையணை கல்லாக இருக்கிறது. என் வீட்டுக்காரருடைய பழைய தலையணையை அனுப்புங்கள். உறையைத் துவைக்க வேண்டாம், அவர் வாசனை போய்விடும்.

படப்பிடிப்புக்குக் கூட்டிப்போகக் கார் வந்துவிட்டது. போன் வேண்டாம், கடிதமாகவே பதில் எழுதுங்கள்.

உங்கள் தங்கை