வியாகுல மாதாவுக்கு ஒரு தோள்

டிசம்பர் 3
மக்காச்சோளம் பதினைந்து ராத்தல். வலது தோளில் வைத்து முற்றத்தில் பத்துச் சுற்று. ஆறாவது சுற்றில் கோழி குறுக்கே வந்தது. கோழிக்கு ஒன்றுமில்லை.

சென்ற பெரிய வெள்ளியன்று வியாகுல மாதாவின் சப்பரத்தைச் சுமக்கையில் பாதித் தெருவில் என் தோள் மடங்கிவிட்டது. எனக்கு முன்னால் சுமந்தவள் எல்பிடியா, என் மகளின் ஞானத்தாய். "எர்மெலிந்தா சப்பரத்தைத் தூக்கல, சப்பரம்தான் அவளத் தூக்கிட்டுப் போச்சு" என்று அந்திகுவா ஊர் முழுக்கச் சொல்கிறாள். அடுத்த பெரிய வெள்ளிக்கு என் முறைக்கு வரும் தெரு முடியும்வரை சுமக்க வேண்டும், தாயே.

டிசம்பர் 29
பதினைந்து ராத்தல் இப்போது தலையணை மாதிரி. அப்படியானால் தசை தூங்குகிறது. வானொலி மருத்துவர் சொன்னது: பழகிய சுமையில் தசை வளராது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், வாரக்கணக்கில் விடாமல். நடுநடுவே ஓய்வு, முட்டை, பீன்ஸ். இன்று முதல் பதினெட்டு.

ஜனவரி 18
இருபத்திரண்டு. என் கணவர் ஃபிதென்சியோ வாயாலேயே ஊர்வலப் பாண்டு வாசித்துக்கொண்டு பின்னால் வந்தார். சுற்றும்போதே ஜெபமாலையையும் சொல்லி முடித்தேன்.

பிப்ரவரி 14
முப்பது. ரவிக்கையின் வலது கை ஏறவில்லை. தையலைப் பிரித்தேன். கர்வம் பாவம். கண்ணாடியில் இரண்டு தடவைதான் பார்த்தேன். மூன்று.

மார்ச் 15
கோயிலில் சப்பரம் சுமக்கச் சீட்டுக் கொடுத்தார்கள், யாருக்கு எந்தத் தெரு, எந்தத் தோள் என்று. பதினோராவது தெரு, இடது தோள்.

இடதா? போன வருடம் வலது — அதுவேதான் வரும் என்று எனக்கு யார் சொன்னது?

"இவ்ளோ கணக்கு எழுதுற, ஒரு பக்கத்தையே விட்டுட்டியேம்மா" என்கிறார் ஃபிதென்சியோ. இடது தோளில் முப்பத்தைந்தை வைத்துப் பார்த்தேன். இரண்டு சுற்று. அழுதேன்.

மார்ச் 16
மாற்றிக்கொள்வதென்றால் ஒரே உயரம் வேண்டும், சப்பரம் சாயக்கூடாது. அதே தெருவில் வலது தோள் சீட்டு, என் உயரத்தில், ஒருத்திக்குத்தான். எல்பிடியா. வேறு யாராக இருக்கும்.

மார்ச் 19
போய்க் கேட்டேன்.

"சீட்ட மாத்திக்கலாமா?"

"எதுக்குடி?"

மூட்டை, ராத்தல், எல்லாம் சொன்னேன். அவகாடோ பார்க்கிற மாதிரி என் வலது தோளை அழுத்தினாள். பிறகு இடதை. மறுபடி வலதை.

"ஒண்ணு கல்லு, ஒண்ணு கனிஞ்சது."

சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எடுத்துக்க. எனக்கு எந்தத் தோளும் ஒண்ணுதான்."

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி
தெரு முழுக்கச் சுமந்தேன். மாதாவுக்கு நன்றி.

மறுபக்கம் எல்பிடியா பாதித் தெருவில் — பெரிய வெள்ளியன்று இதையெல்லாம் எழுதக்கூடாது.

ஏப்ரல் 13
காலையில் கதவு தட்டல். எல்பிடியா. இடது தோளில் தைலம் மணக்கிறது, இடுப்பில் பீன்ஸ் மூட்டை.

"அந்த டாக்டர் எத்தன மணிக்குடி பேசுவாரு?"

பதினைந்தில் ஆரம்பிக்கச் சொன்னேன். இரண்டு தோளிலும்.